கைக்குக் கொடுக்கும் விலை



புதுவை நகரத்தில் கிதார் பயிலும் இளைஞர் பலர். பழகுவதற்குரிய தொழிற்சாலைக் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. சில ஆண்டுகள் பயின்று விரல் பண்பட்ட பின்னர், தேர்ந்த கைவினைஞர் ஒருவர் தம் பட்டறையில் தாமே செய்த உயர்ந்த கிதார் ஒன்றை வாங்க வேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. விலையோ இலட்சத்தைத் தாண்டுகிறது. ஒரு மரப் பெட்டிக்கும் ஆறு கம்பிகளுக்கும் இத்துணை விலையா என்று பெற்றோர் வியக்கின்றனர். அரிய மரத்தில் செய்த கருவி, அதனால்தான் அந்த விலை என்று மகன் விடை பகர்கிறான்.

பெற்றோர் கேட்ட கேள்வி நியாயமானது. மகன் சொன்ன விடைதான் ஆராயத் தக்கது. நாம் உண்மையில் எதற்கு விலை கொடுக்கிறோம்? மரத்துக்கா, மரத்தை இசையாக்கும் கைக்கா? இதனைக் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் வரலாற்றினிடம் கேட்டுப் பார்ப்போம். வரலாறு இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது.

முதலில் நம் ஊருக்கு அண்மையிலேயே தொடங்குவோம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, சீறியாழ் ஏந்திய பாணனை நல்லியக்கோடன் என்னும் வள்ளலிடம் வழிகாட்டி அனுப்புகிறது. அவ்வள்ளல் ஆண்ட ஓய்மாநாடு நமக்கு அயல்நாடன்று. புதுவைக்கு வடக்கே மரக்காணம், திண்டிவனம் பகுதிகளை உள்ளடக்கிய நாடு அது. அந்நூல் கூறும் கிடங்கில் என்னும் ஊர் இன்றும் திண்டிவனத்தை ஒட்டி இருக்கிறது. ஆகவே யாழோசை ஒரு காலத்தில் நம் கடற்கரைச் சிற்றூர்களின் வழியே சென்றது என்று கொள்வதில் தவறில்லை.

யாழின் உறுப்புகளைச் சங்கப் புலவர் நுணுகி நோக்கிப் பாடியிருக்கின்றனர். பத்தர், அதன்மேல் போர்த்த தோல், வளைந்த கோடு, நரம்பை இறுக்கும் திவவு என ஒவ்வொன்றும் உவமையோடு கூறப்படுகிறது. பேரியாழுக்கு நரம்பு 21 என்றும் செங்கோட்டியாழுக்கு 7 என்றும் பிற்கால உரையாசிரியர் கணக்குத் தருகின்றனர். இவ்வளவு செய்தி நூல்களில் இருந்தும், அப்பழைய யாழ்களுள் ஒன்றேனும் நம் கைக்கு வந்து சேரவில்லை. ஒரே நரம்பில் பல சுரங்களை எழுப்ப வல்ல வீணை வகைகள் மேலோங்கின. பாணரைப் போற்றிய புரவலர் மறைந்தனர். வாங்குவோர் இல்லாத இடத்தில் செய்வோரும் இல்லாது போயினர்.

ஈழத்துக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், மறைந்த அந்த யாழை மீண்டும் அறிய முயன்றார். பல்லாண்டு ஆராய்ந்து, இலக்கியச் சான்றுகளையும் கணிதத்தையும் துணைக் கொண்டு 'யாழ் நூல்' இயற்றினார். அது 1947-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அப்பெரியார் மறைந்தார். ஓர் அறிஞர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஏன் செலவிட வேண்டியிருந்தது? யாழ் செய்யக் காடுகளில் மரம் இல்லாமற் போகவில்லை. தோலும் நரம்பும் அற்றுப் போகவில்லை. அற்றுப் போனது கை ஒன்றே. தந்தை கையிலிருந்து மகன் கைக்கும், ஆசான் கையிலிருந்து மாணாக்கன் கைக்கும் சென்ற பயிற்சி ஓரிடத்தில் அறுந்தது. அறுந்ததை ஏட்டால் முற்றும் இணைக்க இயலவில்லை.

யாழுக்கு நேர்ந்தது வீணைக்கு நேரவில்லை. தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்ட இரகுநாத நாயக்கர் இசையில் வல்லவர். 24 மெட்டுகள் கொண்ட இன்றைய வீணையின் அமைப்பு அவர் காலத்தில் நிலைபெற்றது என்பர். இரகுநாத வீணை என்று அதற்குப் பெயரும் உண்டு. பின்வந்த மராட்டிய மன்னரும் கலைஞரைப் போற்றினர். ஆதலால் தஞ்சையில் வீணை செய்யும் மரபு இன்று வரை அறாமல் வந்துள்ளது. 2013-ஆம் ஆண்டில் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தஞ்சாவூர் வீணையின் மரம் எது தெரியுமா? பலா மரம். பழத்துக்குப் பெயர் பெற்ற பண்ணுருட்டிப் பகுதியிலிருந்து அம்மரம் தஞ்சைக்குச் செல்கிறது. பண்ணுருட்டி நமக்குத் தென்மேற்கே, பேருந்தில் எளிதில் சென்று வரக் கூடிய தொலைவில் உள்ளது. அங்குப் பலா அரிய பொருள் அன்று. தோப்புத் தோப்பாக நிற்பது. அந்த மரத்துண்டை முதிரவிட்டு, உளியால் குடத்தைக் குடைந்து, தண்டியைச் செதுக்கி, யாளி முகம் வடித்து, குதிரையும் பிரடைகளும் பொருத்தி, மெழுகில் மெட்டுகளைப் பதிக்கிறார் தச்சர். குடம், தண்டி முதலியவற்றைத் தனித்தனியே செய்து இணைப்பது ஒட்டு வீணை. முழுவதையும் ஒரே மரத்தில் குடைந்தெடுப்பது ஏகாண்ட வீணை. ஏகாண்ட வீணைக்கு விலை கூடுதல். இரண்டுக்கும் மரம் ஒன்றே என்பதைக் கருதுங்கள். விலையின் வேறுபாட்டில் பெரும்பங்கு உழைப்பின் வேறுபாடே.

மெட்டுகளைப் பதிக்கும் வேலை இன்னும் நுண்ணியது. மெழுகு இளகியிருக்கும்போது ஒவ்வொரு மெட்டையும் மயிரிழை அளவு நகர்த்தி, கம்பியை மீட்டி, காதால் கேட்டு நிறுத்த வேண்டும். 24 மெட்டுகளும் சுருதி பிசகாமல் நின்றால்தான் அது வீணை. பிசகினால் எத்துணை அழகிய வேலைப்பாடு இருந்தும் அது அலங்காரப் பொருளே. காதும் கையும் ஒன்றிச் செய்யும் இவ்வேலைக்கு நாளும் பொறுமையும் வேண்டும்.

வீணை நம்முடையது, கிதார் அயலாருடையது, அதற்கு நாம் ஏன் இத்துணைக் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். வயலினும் அயலாருடையதாகத்தான் வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய ஆசிரியரிடம் அதனைக் கற்று நம் இசைக்கு இசைவித்தார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ஆம் ஆண்டில் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. கருவிக்குப் பிறந்த நாடு உண்டு. புகுந்த நாடும் உண்டு. ஆகவே கிதாரின் வரலாற்றையும் நம் வரலாறு போலவே கற்கலாம்.

இன்று செவ்வியல் இசைக்குப் பயன்படும் கிதாரின் வடிவத்தை நிலைநாட்டியவர் ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோர்ரெஸ். 1817-இல் அல்மெரியா என்னும் பகுதியில் பிறந்தார், 1892-இல் மறைந்தார். தொழிலால் முதலில் தச்சர். கிதாரின் மேற்பலகைக்கு அடியில் மெல்லிய குச்சிகளை விசிறிபோல் விரித்து ஒட்டும் முறையை அவர் செம்மைப்படுத்தினார். கம்பிகளின் இழுவையைத் தாங்கும் வலிமை பலகைக்கு வேண்டும். ஆனால் தடையின்றி அதிரும் மென்மையும் வேண்டும். இவ்விரண்டு பகைக் குணங்களையும் இணக்குவதே கிதார்த் தச்சரின் தொழில் நுட்பம். மேற்பலகையின் கனம் பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு என்றால் அதன் அருமை விளங்கும்.

நம் கேள்விக்கு நேர் விடையாக அமைந்த செயல் ஒன்றை 1862-ஆம் ஆண்டில் தோர்ரெஸ் செய்தார். மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் அமைத்து, பின்புறத்தையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து ஒரு கிதாரை உருவாக்கினார். கருவியின் குரல் மேற்பலகையின் வேலைப்பாட்டில்தான் பெரிதும் அடங்கியுள்ளது என்று காட்டவே அவ்வாறு செய்தார். அந்த அட்டைக் கிதார் பார்சிலோனா நகரத்து இசைக் காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அவருடைய தொழில் இரகசியம் யாது என்று கேட்டபோது, பலகையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து உணரும் உணர்ச்சியே அது; அதனைப் பிறருக்கு எழுதித் தர இயலாது என்ற கருத்தில் அவர் விடையளித்ததாக அவரை அறிந்த பாதிரியார் ஒருவர் குறித்து வைத்துள்ளார். யாழ் ஏன் மறைந்தது என்பதற்கும் இதுவே விளக்கம் அன்றோ?

இனிப் பிரான்சு நாட்டுக்கு வருவோம். நம் ஊரில் பிரெஞ்சு பயின்றோர் 'லூத்தியே' என்ற சொல்லை அறிவர். நரம்புக் கருவி செய்பவர் என்பது பொருள். 'லூத்' என்ற கருவியின் பெயரிலிருந்து அது பிறந்தது. அக்கருவிப் பெயரோ மரம் எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்தது. பெயரில் மரம் இருந்தாலும் புகழ் கையைச் சேர்ந்தது என்பதற்குப் பிரான்சிலேயே சான்று உண்டு. பாரிசில் வாழ்ந்த ரொபேர் பூஷே என்பவர் ஓர் ஓவியர். தமக்கு அறிமுகமான ஸ்பானியத் தச்சர் ஒருவரின் பட்டறையில் வேலையைக் கவனித்து வந்தவர், 1946-ஆம் ஆண்டில் தாமே கிதார் செய்யத் தொடங்கினார். 1986-இல் மறையும் முன் அவர் செய்தவை ஏறத்தாழ 150 கருவிகளே. நாற்பது ஆண்டுகளுக்கு 150 என்று வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு நான்குக்கும் குறைவு. ஓராண்டு உழைப்பை நான்கு பேர் பங்கிட்டுக் கொண்டால் ஒவ்வொருவர் கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு என்பதைப் பள்ளி மாணவரும் கணக்கிட்டுவிடலாம். கைவினைக் கருவியின் விலையில் மாயம் ஒன்றுமில்லை. அது பெரும்பாலும் நாட்கணக்கே.

பிரான்சின் கிழக்குப் பகுதியில் மிரெக்கூர் என்னும் சிற்றூர் உண்டு. வயலினும் கிதாரும் செய்வதில் பல தலைமுறையாகப் பெயர் பெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே பெரிய தொழிற்சாலைகள் எழுந்தன. 20-ஆம் நூற்றாண்டில் அத்தொழில் நலிந்தது. கை அறுந்து போகும் என்று உணர்ந்து, 1970-ஆம் ஆண்டில் அவ்வூரில் நாட்டுப் பள்ளி ஒன்றை நிறுவினர். நாமும் யாழுக்கு உரிய காலத்தில் அத்தகைய பள்ளி ஒன்றை வைத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! நமக்கு அருகே ஆரோவில்லில் சுவரம் என்னும் இசைக்கருவிப் பட்டறை, சுற்றுச் சிற்றூர்களின் இளைஞருக்கு இத்தொழிலைப் பயிற்றி வருவது மகிழ்ச்சிக்குரியது.

இதுவரை கையின் கதை. இனி மரத்தின் கதையைக் கேட்போம். அது நம் மலைகளைப் பற்றியது.

ஜெர்மானிய நாட்டு மார்க்நொய்கிர்ஷன் ஊரில் 1796-இல் பிறந்த கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின், கிதார் செய்யும் உரிமை யாருக்கு என்று அவ்வூர் வயலின் தச்சரும் மரப்பெட்டித் தச்சரும் வழக்காடிய காலத்தில் வளர்ந்தவர். 1833-இல் அமெரிக்கா சென்று அங்கே பட்டறை வைத்தார். அவர் பெயரால் இயங்கும் நிறுவனம் உயர்ந்த கிதார்களின் பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் நெடுங்காலம் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தைப் பயன்படுத்தியது. 1960-களில் அம்மரம் கிடைப்பது அரிதாயிற்று. 1969-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. உலகின் பிற தச்சரும் அவ்வழியே வந்தனர்.

அந்த இந்திய ரோஸ்வுட் எது? நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் வழங்கும் மரமே. நீலகிரி, ஆனைமலை, வயநாடு, குடகு முதலிய மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் வளர்வது. புதுவையின் பழைய மாளிகைகளில் தாத்தா காலத்து நாற்காலியும் மேசையும் கருஞ்சிவப்பாக மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். அவற்றுள் பல ஈட்டி மரத்தாலானவை. வெளிநாட்டுக் கருவி என்று நாம் வியந்து வாங்கும் விலையுயர்ந்த கிதாரின் உடல் நம் மலையிலிருந்து கடல் கடந்து சென்று திரும்பியதாகவும் இருக்கக் கூடும்.

ஈட்டி மெல்ல வளரும் மரம். வெட்டும் வேகத்துக்கு அது வளர்ந்து ஈடு கொடுக்க இயலாது. உலக அளவில் அழியும் இடர்ப்பாட்டுக்கு உட்பட்ட மரங்களின் பட்டியலில் அதுவும் சேர்ந்துள்ளது. தமிழ்நாட்டில் அதனைக் காப்பதற்கென்றே 1994-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பிரேசில் ரோஸ்வுட்டின் பன்னாட்டு வாணிகம் 1992-இல் தடைப்பட்டது. 2017-ஆம் ஆண்டு சனவரி மாதம் முதல் ரோஸ்வுட் இனம் முழுவதற்கும் பன்னாட்டுக் கட்டுப்பாடு வந்தது. கிதார் ஒன்றை விற்க எல்லை கடத்துவதற்குக்கூட அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் பெரும்பாலும் விலக்களித்தனர். மரத்துக்கு விதித்த கட்டுப்பாடு மட்டும் தொடர்ந்தது.

இவ்வளவு இடர்ப்பட்டுத் தேடும் அந்த மரம் ஒலியில் அத்துணை வேறுபாட்டைத் தருகிறதா? இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் இதனைச் சோதித்தனர். ஒரே தச்சரின் பட்டறையில் ஆறு கிதார்கள் ஒரே முறையில் செய்யப்பட்டன. பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் மட்டும் வெவ்வேறு மரம். அவற்றுள் பிரேசில் ரோஸ்வுட்டும் உண்டு. விலை குறைந்த மரங்களும் உண்டு. 52 கிதார்க் கலைஞர், மரத்தைக் கண்ணால் அறிய இயலாதவாறு இருந்து, வாசித்து மதிப்பெண் இட்டனர். ஆறு கருவிகளும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் பெற்றன. இம்முடிவு 2018-இல் வெளியாயிற்று. தோர்ரெஸ் 156 ஆண்டுகளுக்கு முன் காகித அட்டையால் சொன்ன செய்தியையே அறிவியல் முறையும் சொல்லிற்று.

வயலினிலும் இத்தகைய சோதனை உண்டு. 2012-இல் பாரிசுக்கு அருகே வேன்சேன் என்னும் இடத்தில், பெயர் பெற்ற பத்துக் கலைஞர் ஒளி மங்கிய கண்ணாடி அணிந்து பழைய இத்தாலிய வயலின்களையும் புதிய வயலின்களையும் வாசித்தனர். பழையவற்றுள் ஸ்ட்ராடிவாரி செய்தவையும் இருந்தன. ஆயினும் பெரும்பாலோர் தமக்கு உகந்ததாகத் தேர்ந்தெடுத்தவை புதியவையே. பழம்பெயர் கண்ணை மயக்கும், காது மயங்காது.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? மரம் முக்கியமில்லை என்பதன்று. மேற்பலகை நல்ல மரமாக, நேரான இழையுடையதாக, நன்கு முதிர்ந்து உலர்ந்ததாக இருத்தல் இன்றியமையாதது. ஆனால் அரிய மரம் என்பதற்காகக் கொடுக்கும் கூடுதல் விலையில் பெரும்பகுதி கண்ணுக்கும் பெருமைக்கும் கொடுப்பது. கைத்திறனுக்காகக் கொடுக்கும் விலை காதுக்கும் கலைக்கும் கொடுப்பது. முன்னது காட்டைக் குறைக்கிறது. பின்னது கலைஞனைக் காக்கிறது. வாங்குபவர் இவ்வேறுபாட்டை அறிந்தால் மரமும் பிழைக்கும், தொழிலும் பிழைக்கும். அறியாவிட்டால் மரமும் போகும். யாழ் செய்த கை போனது போலக் கையும் போகும்.

ஆகவே கைவினைக் கிதார் வாங்க எண்ணும் மாணவர் சில செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும். முதலில், இருக்கும் கருவியால் எட்ட இயலாத இடத்துக்குத் தம் விரல் வந்துவிட்டதா என்று ஆசிரியரைக் கேட்டறிய வேண்டும். வரவில்லையென்றால் பயிற்சியே வேண்டும், கருவி காத்திருக்கும். வந்துவிட்டதென்றால், கூடுமானவரை பட்டறைக்கே சென்று செய்பவரைக் கண்டு பேச வேண்டும். ஆண்டுக்கு எத்தனை கருவி செய்கிறார், மேற்பலகையை எத்தனை ஆண்டு உலர்த்தினார், பழுது வந்தால் தாமே பார்ப்பாரா என்று கேட்க வேண்டும். பின்புற மரத்தின் பெயரைக் கடைசியாகக் கேட்டால் போதும். பல கருவிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நண்பர் வாசிக்கக் கேட்பது நல்லது.

அளவுகோல் ஒன்றும் உடன் இருக்கட்டும். விண்ணியல் அறிஞர் கலிலியோவின் தந்தை வின்சென்ஸோ கலிலேய் ஓர் இசைவாணர். எஞ்சிய கம்பி நீளத்தில் 18-இல் ஒரு பங்கைக் கழித்துக் கழித்து ஒவ்வொரு மெட்டையும் வைக்கலாம் என்று 16-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதினார். அவ்வாறு 12 முறை கழித்தால் கம்பி ஏறத்தாழப் பாதியாகும். செவ்வியல் கிதாரின் கம்பி நீளம் பெரும்பாலும் 650 மில்லிமீட்டர். ஆகவே 12-ஆம் மெட்டு, கம்பி தொடங்கும் முனையிலிருந்து 325-இல் நிற்க வேண்டும். அந்த மெட்டில் அழுத்தி மீட்டும் ஒலியும், அதே இடத்தில் கம்பியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும் ஒன்றுபட வேண்டும். வீணையின் மெட்டை மெழுகை இளக்கித் திருத்தலாம். கிதாரின் மெட்டு பள்ளத்தில் அறைந்தது, திருத்துவது கடினம். ஆதலால் வாங்கும் முன்னரே பார்த்தல் நலம்.

நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. புதுவைக் கடற்காற்று ஈரம் மிக்கது. ஐப்பசி கார்த்திகை மழையில் மெல்லிய பலகை ஈரம் உண்டு உப்பும். கம்பி மெட்டுக்கு மேல் உயரும். கோடையில் குளிர்சாதன அறையில் வைத்தால் சுருங்கி வெடிக்கவும் கூடும். வாசிக்காத வேளையில் கருவியைப் பெட்டிக்குள் வைத்து, ஈரம் மிகாமலும் குறையாமலும் காக்க வேண்டும். அயலூரில் செய்த கருவி நம் காற்றுக்குப் பழகச் சில மாதம் ஆகும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

ஆற்றுப்படை நூல்களில் பரிசு பெற்ற பாணன், பெறாத பாணனுக்கு வள்ளலின் ஊரைக் காட்டுகிறான். இன்று நல்லியக்கோடனும் இல்லை, இரகுநாத நாயக்கரும் இல்லை. அவர்கள் இருந்த இடத்தில் கருவி வாங்கும் நீங்களே இருக்கிறீர்கள். தஞ்சைத் தச்சரின் வீணையாயினும், ஐரோப்பிய வழிவந்த கிதாராயினும், நன்கு செய்த கைக்கு நியாயமான விலையைக் கொடுத்து வாங்குங்கள். அந்தத் தச்சரின் மகனும் மாணாக்கனும் உளியைக் கையிலெடுக்க அதுவே காரணமாகும்.